வாவிக்கரைக் குடியிருப்பும் நகர ஒழுங்கும்

மட்டக்களப்பு நகரின் நிலப்படத்தை விரித்துப் பார்ப்பவர் கண்ணில் முதலிற் படுவது நிலமன்று, நீரே. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கும் வாவி, ஊரை ஊரிலிருந்து பிரித்தும் பின்னர் பாலங்களால் இணைத்தும் வைத்திருக்கின்றது. நீர் சூழ்ந்த புளியந்தீவும், அதனை அடுத்த கோட்டைமுனையும், கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிய மணற்பரப்பாக நீண்டு செல்லும் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி ஆகிய ஊர்களும் நீரின் அயலிலேயே வாழ்கின்றன. இத்தகைய நிலத்தில் ஒருவர் தம் வளவைச் சுற்றி எழுப்பும் மதில், அவருக்கு மட்டும் உரிய காரியமாக நின்றுவிடுவதில்லை. மாரி காலத்தில் அம்மதில் மறிக்கும் நீர் அடுத்த வளவின் அடுப்படிக்குள் நுழைகின்றது. ஒருவர் தோண்டும் மலக்குழி மற்றொருவரின் கிணற்றுக்கு அயலாக அமைந்துவிடுகின்றது.

ஆதலால், குடியிருப்புப் பகுதிகளைக் காப்பதற்கென வகுக்கப்பட்ட விதிகள் எவை, அவை இருந்தும் பல வேளைகளில் ஏன் பயன் தருவதில்லை, அவற்றை எவ்வாறு நிறைவேற்றினால் நீதியும் நன்மையும் ஒருங்கே கிட்டும் என்பவற்றை நேயர்களோடு சேர்ந்து ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

கட்டட விதி என்றதும் அலுவலகப் பத்திரங்களும் அபராதமுமே பலரின் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் அவ்விதிகள் மிக எளிமையான மூன்று வினாக்களையே கேட்கின்றன. எந்த இடத்திற் கட்டுகின்றீர்? காணியில் எவ்வளவு பங்கைக் கட்டடத்தால் மூடுகின்றீர்? கட்டியதை எதற்காகப் பயன்படுத்தப்போகின்றீர்? இந்த மூன்றுக்கும் தரும் விடையிலேயே அயலாரின் காற்றும் வெளிச்சமும், குடிநீரும், இரவுத் தூக்கமும் அடங்கியிருக்கின்றன.

முதலிற் குடிநீரை எடுத்துக்கொள்வோம். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தின் கீழே உள்ள நன்னீர், மழையால் ஊறிச் சேர்ந்தது. அது தனக்குக் கீழுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. உவர்நீரிலும் நன்னீர் பாரங் குறைந்ததாதலின், கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் நிலைத்திருக்கும் என்பது அறிஞர் கண்ட பொதுக்கணக்கு. இக்கணக்கை மறுபுறமாகவும் பார்க்கவேண்டும். மேல் மட்டம் ஓரடி தாழுமானால், நாளடைவில் கீழிருந்து உவர்நீர் நாற்பது அடி ஏறிவர இடமுண்டு. வளவு முழுவதையும் சீமெந்தால் மூடிவிட்டு, மழைநீரைக் குழாய் வழியே வீதிக்கு அனுப்பிவிட்டு, நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றில் இறக்குபவர், தம் கிணற்றை மட்டுமன்றி அயற்கிணறுகளையும் வற்றவைக்கின்றார், அல்லது உவர்ப்பாக்குகின்றார். காணியில் ஒரு பகுதியைத் திறந்த வெளியாக விடுதல் வேண்டும் என்ற விதிக்கு அழகுணர்ச்சி மாத்திரம் காரணமன்று. மழை மண்ணுக்குள் இறங்குவதற்கு ஒரு வாயில் வேண்டும் என்பதே இப்பிரதேசத்தில் அதன் உட்பொருள்.

அடுத்தது மலக்குழி. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 50 அடி தூரமாவது இருத்தல் நன்று எனப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் நெடுங்காலமாக அறிவுறுத்தி வருகின்றனர். இதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பேர்ச் காணி என்பது 272 சதுர அடியும் சிறிதும் ஆகும். பத்துப் பேர்ச் காணி சதுரமாக அமைந்தால், அதன் ஒரு பக்கம் 52 அடி. அந்த வளவுக்குள், ஒரு மூலையிற் கிணறும் எதிர்மூலையில் மலக்குழியுமாக வைத்து, விதியை நிறைவேற்றிவிடலாம். ஆனால் அயலவரின் கிணறு வேலிக்கு அப்பால் எங்கே இருக்கின்றது? நான்கு புறமும் பத்துப் பேர்ச் வளவுகள் இருக்கும்போது, ஒவ்வொருவரும் தத்தம் காணியை மட்டும் பார்த்து நடந்தால், ஒருவர் விதியை மீறாமலே அனைவரும் சேர்ந்து அதை மீறியவராவர். மணலோ நீரை விரைவாகக் கடத்துவது. களிமண்போலத் தடுத்து வடிகட்டுவதன்று. உன்னிச்சைக் குளத்து நீரை வவுணதீவிற் சுத்திகரித்துக் குழாய் மூலம் வழங்கும் திட்டம் பல இல்லங்களுக்கு இத்துறையில் ஆறுதல் அளித்துள்ளது. எனினும், குழாய்நீர் வந்ததால் நிலத்தடி நீரின் மாசு மறைந்துவிடுவதில்லை. அது இறுதியிற் சென்று சேரும் இடம் வாவியே.

மூன்றாவதாக, மழைநீர் செல்லும் வழி. இப்பகுதியின் மழையிற் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கித் தை வரையுள்ள சில மாதங்களிற் பெய்துவிடுகின்றது. பள்ளக்காணிகளும் சிற்றோடைகளும் வாவிக்கரைக் கண்டற் காடுகளும் அந்த வெள்ளத்தைச் சிலகாலம் தம்மிடம் வைத்திருந்து மெல்ல விடுவிப்பன. கோடை காலத்தில் அத்தகைய பள்ளம் வெறுந்தரையாகவே தோன்றும். விலையும் மலிவாக இருக்கும். அதைச் சல்லியும் கிரவலும் கொண்டு மேடாக்கி வீடு கட்டியவர் தமக்கு ஒரு மேட்டுநிலம் கிடைத்ததெனக் கருதலாம். ஆயினும் பள்ளம் அழிந்துபோகவில்லை; அடுத்த வளவுக்கு இடம்பெயர்ந்திருக்கின்றது. வாவி நிறையும்போது முகத்துவாரத்தை வெட்டிக் கடலுக்கு நீரை விடுவது இப்பகுதியின் பழைய வழக்கம். ஆனால் ஒழுங்கைகளில் தேங்கும் நீர் முதலில் வாவியை அடைந்தாலன்றி, முகத்துவாரத்தை வெட்டியும் பயனில்லை. 2011ஆம் ஆண்டு தை மாதப் பெருவெள்ளம் மட்டக்களப்பு மாவட்டத்தைப் பெரிதும் வருத்தியபோது, வடிகானின்மேல் எழுந்த ஒரு மதில் எத்துணைப் பேருக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பது சிந்திப்போர்க்கு விளங்கியிருக்கும்.

இனி, சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். நம் நாட்டிற் சட்டம் இல்லாமையால் ஒழுங்கு குலைந்தது என்று சொல்ல இயலாது. 1862ஆம் ஆண்டிலேயே தொல்லைகள் பற்றிய கட்டளைச் சட்டம் தோன்றிவிட்டது. கொழும்பிற் பிளேக் நோய் தலைகாட்டிய 1914ஆம் ஆண்டுக்கு அடுத்த ஆண்டில், வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. உள்ளூராட்சி எல்லைக்குள் வரைபடம் சமர்ப்பித்து எழுத்துமூல அனுமதி பெறாமல் கட்டடம் எழுப்பலாகாது என்பதும், கட்டிமுடித்தபின் அது அனுமதிக்கு இணங்க அமைந்தது என்னும் சான்றிதழைப் பெற்ற பின்னரே அதிற் குடிபுகலாம் என்பதும் அச்சட்டத்தின் அடிப்படைகள். 1946இல் நகர, கிராம அமைப்புக் கட்டளைச் சட்டமும், 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும், 1981இல் கரையோரம் பேணற் சட்டமும் வந்தன. நகர அபிவிருத்தி விதிகளின்படி, பிரித்து விற்கப்படும் காணித்துண்டு பொதுவாக 150 சதுர மீற்றருக்கு, அஃதாவது ஏறத்தாழ 6 பேர்ச்சுக்குக் குறையலாகாது. ஆக, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நம்மிடம் விதிகள் இருக்கின்றன. அவை மனிதரின் வாழ்க்கையோடு எந்த இடத்தில் முரண்படுகின்றன என்பதையே நாம் காணவேண்டும்.

மட்டக்களப்பிற் காணி சிறுத்துவருவதற்கு ஒரு சிறப்பான காரணம் உண்டு. இப்பிரதேசத்தில் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும், மகளுக்கு மணம் முடிக்கும்போது வீடும் வளவும் சீதனமாகக் கொடுப்பது வழக்கம். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வருகின்றான். தாயின் வளவுக்கு அருகிலேயே மகளின் வீடு எழுகின்றது. முதுமையிற் பெற்றோருக்குத் துணையும், பிள்ளை வளர்ப்பிற் பெண்ணுக்கு ஆதரவும் அளிக்கும் நல்ல வழக்கம் இது. ஆனால் 40 பேர்ச் வளவு நான்கு பெண்மக்களுக்குப் பத்துப் பத்தாகப் பிரிகின்றது. அடுத்த தலைமுறையில் அந்தப் பத்தும் இரண்டாக முறிந்து ஐந்தாகின்றது. கலியாண நாள் குறித்தாகிவிட்டது. வீடு முடிந்தாக வேண்டும். அவ்வேளையில், உமது காணித்துண்டு விதிக்குப் போதாது என்று நகரசபை கூறும் சொல் ஒரு தாயின் காதில் எவ்வாறு விழும்? மகளின் வாழ்வுக்கு இடப்பட்ட தடையாகவே அது விழும். அனுமதியின்றிக் கட்டுவோர் யாவரையும் சட்டத்தை இகழ்வோர் என்று சொல்லிவிடுதல் நேர்மையன்று.

இரண்டாவது காரணம் தாமதம். வாவியோரத்தில் ஒரு வீடு கட்ட விரும்புபவர், இடத்தின் தன்மைக்கேற்ப, மாநகர சபை, நகர அபிவிருத்தி அதிகார சபை, பிரதேச செயலகம், கரையோரம் பேணல் திணைக்களம் எனப் பல வாயில்களிற் காத்துநிற்க நேரும். கரையோரம் பேணற் சட்டம் கடற்கரையிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையும், கடலோடு தொடுப்புள்ள நீர்நிலைகளில் வாயிலிலிருந்து 2 கிலோமீற்றர் வரையும் தன் ஆட்சியைத் தொடக்கத்திலேயே விரித்திருந்தது. ஒரு வாயிலில் விடை கிடைக்குமுன் சீமெந்தின் விலை ஏறிவிடுகின்றது. பொறுமையுடையவன் காத்திருக்க, துணிந்தவன் கட்டிமுடிக்கின்றான். கட்டிமுடித்தவனுக்கு நாளடைவில் மின்சாரமும் குழாய்நீரும் கிடைத்துவிட்டால், காத்திருந்தவன் கற்கும் பாடம் யாது? விதிக்கு அடங்குதல் அறியாமை என்பதே. ஓர் ஊரின் ஒழுங்கு கெடுவது இவ்விடத்திலேதான்.

மூன்றாவது காரணம் வரலாறு. 1978ஆம் ஆண்டு கார்த்திகை 23ஆம் திகதி வீசிய சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளைப் பறித்துச் சென்றது. அதன்பின் நீண்ட போர் மக்களை ஊர்விட்டு ஊர் பெயரச் செய்தது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் திகதி ஆழிப்பேரலை நாவலடி, கல்லடி, டச்பார் முதலிய கரையோரங்களை அழித்தது. தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்ற நிலையில் எவரும் வீதிக்கோட்டை அளந்துகொண்டிருப்பதில்லை. மேலும், மக்களாற் தெரிவுசெய்யப்பட்ட சபை இன்றி நகரம் நெடுங்காலம் ஆளப்பட்டது. 2008இல் தேர்தல் நடைபெற்றது. 2023இல் நாடெங்கும் உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்தபின், 2025ஆம் ஆண்டு வைகாசித் தேர்தல் வரை மீண்டும் உறுப்பினர் இல்லாத நிலையே நிலவியது. தம் ஒழுங்கையின் குறையைச் சொல்ல ஒரு பிரதிநிதி இல்லாத இடத்தில், விதி அலுவலகத்தின் பொருளாகின்றதேயன்றி ஊரின் பொருளாவதில்லை.

காலங்கடந்து வரும் சட்டம் எவ்வளவு துன்பம் தரும் என்பதற்கு ஆழிப்பேரலைக்குப் பின் நிகழ்ந்ததே சான்று. கரையோரத்தில் மீளக் கட்டலாகாது என்று ஓர் இடைவெளி வலயம் அறிவிக்கப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். உயிரைக் காக்கும் எண்ணத்தோடு பிறந்த விதிதான். ஆயினும் கிழக்கின் மீனவனுக்கு மட்டும் இரட்டைத் தூரம் ஏன் என்ற வினாவுக்கு மக்கள் மனம் ஏற்கும் விடை கிடைக்கவில்லை. தோணியையும் வலையையும் விட்டு எங்கே போவது என்ற வினாவும் எஞ்சியது. ஓராண்டுக்குள் அவ்விதி தளர்த்தப்பட்டது. இதற்கு மறுபுறம், விதி வராமலே போனால் யாது நேரும் என்பதைக் கொழும்புக்கு அருகிலுள்ள மீதொட்டமுல்ல காட்டியது. குடிமனைகளின் அயலிற் பல ஆண்டுகளாகக் குவிக்கப்பட்ட குப்பைமேடு 2017ஆம் ஆண்டு சித்திரை 14ஆம் திகதி சரிந்து 30க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுசென்றது. அங்கே குப்பையைக் கொட்டியது பொது நிறுவனமே என்பதை மறத்தல் கூடாது. வேலியே பயிரை மேய்ந்தால் விளைவது இதுவே. குடிமகனைத் தண்டிக்கும் விதி முதலில் அரச நிறுவனங்களையும் கட்டுப்படுத்தவேண்டும்.

குடியிருப்பில் தொழில் புகுவது பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவர் வீட்டு முற்றத்தில் இடியப்பம் அவித்து விற்பதும், தையல் இயந்திரம் வைத்திருப்பதும் அயலுக்குத் தீங்கல்ல. அவை குடியிருப்பின் உயிரோட்டம். ஆனால் அரிசி ஆலையின் உமித்தூசி, மரம் அரியும் பட்டறையின் ஓசை, வாகனம் கழுவும் நிலையத்தின் எண்ணெய் நீர் என்பன வேலியோடு நிற்பனவல்ல. இவற்றுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் என்னும் ஏற்பாடு உண்டு. பொதுத்தொல்லையை நீக்குமாறு கட்டளையிட நீதவானுக்கு 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் அதிகாரம் அளிக்கின்றது. இரவு 10 மணி முதற் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என 2007இல் உயர் நீதிமன்றம் பணித்தது. வெற்றுக் காணிகளையும் இங்கே குறிப்பிடவேண்டும். உரிமையாளர் கடல்கடந்து வாழ, பற்றை வளர்ந்து நீர் தேங்கிக் கிடக்கும் வளவு நுளம்பின் பண்ணையாகின்றது. 2007ஆம் ஆண்டு நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் அத்தகைய உரிமையாளரையும் பொறுப்பாளராக்குகின்றது. அவர் எந்த நாட்டில் இருந்தாலும், டெங்குக் காய்ச்சல் வருவது அவருடைய அயலாரின் குழந்தைக்கே.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? நகர அமைப்புக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான பற்றிக் கெடிஸ் 1915ஆம் ஆண்டளவிற் தமிழ்நாட்டு நகரங்களைப் பார்வையிட்டார். 1921இற் கொழும்புக்கும் ஓர் அறிக்கை எழுதினார். பழைய குடியிருப்பை இடித்து நேர்வீதி போடுவதை அவர் விரும்பவில்லை. வைத்தியர் நோயுற்ற இடத்தை மட்டும் தொட்டு, ஏனைய உறுப்புகளைக் காப்பது போல, மிக வேண்டிய சிலவற்றை மாத்திரம் நீக்கி, கிணற்றையும் மரத்தையும் சிறுவெளியையும் பேணி, குறைந்த செலவில் ஊரைத் திருத்தலாம் என்பது அவர் காட்டிய வழி. மட்டக்களப்புக்கு அவ்வழி மிகவும் பொருந்தும்.

முதலாவது, விதி அத்திவாரத்துக்கு முன்னே வரவேண்டும். கூரை போட்டபின் வரும் அறிவித்தல் வழக்கையும் பகையையும் வளர்க்கும். அல்லது யாரையேனும் பிடித்துக் காரியம் பார்க்கும் பழக்கத்தை வளர்க்கும். அத்திவாரக் கயிறு கட்டும் நாளிலேயே ஓர் அலுவலர் வந்து, கயிற்றை இரண்டடி தள்ளிக் கட்டுங்கள் என்று சொன்னால், அதற்கு ஒரு செங்கல்லும் வீணாவதில்லை. வெள்ளம் வருமுன் அணை கோலும் முறை இதுவே.

இரண்டாவது, சபை விடை தருவதற்குத் தனக்கே ஒரு காலவரையறையை விதித்து, அதைத் தன் வாயிலில் எழுதிவைக்கவேண்டும். பல அலுவலகங்களின் அனுமதியை ஒரே மேசையிற் பெறும் நாள் ஒன்று வாரந்தோறும் இருத்தல் நன்று.

மூன்றாவது, சீதனக் காணியின் இடரை விதி கண்டுகொள்ளவேண்டும். இரு சகோதரிகளின் சிறு வளவுகளுக்கு ஒரு பொதுக் கிணறும், தூரத்தே ஒரு பொது மலக்கழிவுத் தொட்டியும், நடுவே வேலியில்லா முற்றமும் அமைய அனுமதித்தால், வழக்கமும் கெடாது, நீரும் கெடாது. அடுத்தடுத்து மாடி எழுப்பித் தரையை வெளியாக விடுவதும் ஒரு வழி.

நான்காவது, முறைப்பாடும் அதன்மீது எடுத்த நடவடிக்கையும் எவரும் பார்க்கத்தக்க பதிவேட்டில் இருத்தல் வேண்டும். ஏழையின் ஓலைக் கொட்டிலுக்கு ஒரு வாரத்தில் அறிவித்தல் சென்று, செல்வரின் விடுதி மதிலுக்கு ஓராண்டாகியும் செல்லாவிடின், அதை அப்பதிவேடே ஊருக்குச் சொல்லிவிடும். நடுவுநிலைமை இல்லாத விதி எவ்வளவு கடுமையானதாயினும் மதிப்புப் பெறுவதில்லை.

ஐந்தாவது, அயற்சபைகள் கூடிப் பணியாற்றவேண்டும். மட்டக்களப்பு மாநகர சபையின் எல்லை, காத்தான்குடி நகர சபையின் எல்லை, மண்முனைப்பற்றுப் பிரதேச சபையின் எல்லை என்பன நிலப்படத்தில் உள்ளவை. மணலின் கீழே ஓடும் நீருக்கும் வாவியின் மீனுக்கும் அவ்வெல்லைகள் தெரிவதில்லை.

நேயர்களுக்கும் இதிற் பங்குண்டு. காணி வாங்குமுன் மாரி காலத்தில் ஒரு நாள் அங்கே சென்று பாருங்கள். கோடையில் மறைந்திருந்த உண்மையை மழை சொல்லும். வீதிக்கோட்டுச் சான்றிதழையும் அங்கீகரிக்கப்பட்ட நில அளவைப் படத்தையும் கேட்டு வாங்குங்கள். கிணற்றுக்கும் குழிக்கும் இடம் குறிக்குமுன் வேலிக்கு அப்பால் என்ன இருக்கின்றது என்று அயலாரைக் கேளுங்கள். குறை கண்டால், நீதிமன்றத்துக்குச் செல்லுமுன் வேலியோரத்தில் ஒருமுறை பேசிப் பாருங்கள். அது பயன்படாதபோது சபைக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

இன்று ஒரு தாய் தன் மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுப்பது நிலத்தையும் வீட்டையும் மட்டுமன்று. அந்த வளவின் கிணற்று நீரையும், மழை வடியும் ஒழுங்கையையும், அயலாரின் நல்லெண்ணத்தையும் சேர்த்தே கொடுக்கின்றாள். அவற்றை உறுதிப் பத்திரத்தில் எழுத முடியாது. நகரத்தின் விதிகள் அவற்றைக் காப்பதற்காகவே எழுதப்பட்டன என்பதைச் சபையும் மக்களும் ஒருங்கே உணர்ந்தால், வாவிக்கரையில் வாழ்வோர் அடுத்த மாரியை அச்சமின்றி எதிர்கொள்ளலாம்.